அவையடக்கம்

மேடைப் பேச்சின் தொடக்கத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. "தலைவர் அவர்களே, பெரியோர்களே" என அழைப்பது விளி. பேசப்போகும் பொருளை எடுத்துவைப்பது முன்னுரை. தோற்றுவாய் என்றும் அதனைக் கூறுவர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பேசுவோரையும் கேட்போரையும் இணைப்பது அவையடக்கம். இம்மூன்றனுள் இன்று பெரிதும் பொருள் திரிந்து வழங்குவது அவையடக்கமே என்பேன்.

"எனக்கு ஒன்றும் தெரியாது, ஆயத்தமின்றி வந்துவிட்டேன், பொறுத்தருள்க" என்று தொடங்குவோர் நம்மிடையே பலர். இதனை அவையடக்கம் என்று எண்ணி நாமும் கைதட்டுகிறோம். ஆயத்தமின்றி வருவது அவைக்குச் செய்யும் மதிப்பாகுமா?

பழந்தமிழர் இச்சொல்லுக்குக் கொண்ட பொருள் வேறு. தொல்காப்பியச் செய்யுளியல் இதனை 'அவையடக்கியல்' என்கிறது. நான் திறமின்றிக் கூறினும் நீங்கள் அதனை வகுத்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அனைவரிடமும் பணிந்து மொழிவதே அதன் இலக்கணம். ஆராய்ந்து கொள்ளும் உரிமையை அவையினரிடம் ஒப்படைக்கிறான் பேசுவோன். ஆராய்வதற்கு ஏதேனும் கொண்டுவந்தவனே அவ்வாறு ஒப்படைக்க முடியும் அன்றோ?

கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். சேக்கிழாரோ அடியார் பெருமை அளவிடற்கு அரியது என்றார். ஆனால் இருவரும் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆசை தூண்டுவதால் பாடுகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பொருளின் பெருமை, தம் சிறுமை, தம்மை உந்தும் ஆர்வம் ஆகிய மூன்றும் அமைந்ததே முழுமையான அவையடக்கம். நாம் முதலையும் கடையையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள சிறுமையை மட்டும் பற்றிக்கொண்டோம்.

அடக்கம் அச்சமும் ஆகாது. திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். அதனை அடுத்த 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அவையை அறிந்தவன் அதற்கு அஞ்சவேண்டுவதில்லை என்பதை இம்முறைவைப்பே உணர்த்துவதாக நான் கருதுகிறேன்.

சிலப்பதிகாரம் பற்றிப் பேச வரும் மாணவர் ஒருவர் இவ்வாறு தொடங்கலாம்: "முப்பது காதைகளையும் பத்து நிமிடத்தில் காட்டுவது என்னால் இயலாது. ஆயினும் வழக்குரை காதையைப் படித்த நாள்முதல் அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதில் நான் கண்டதைச் சொல்கிறேன். குறை காணின் திருத்துங்கள்." இதில் பணிவும் உண்டு; துணிவும் உண்டு.

தமிழகத்திற்கு வெளியே பயிலும் நம்மில் பலருக்குத் தமிழில் பேசிப் பழக வாய்த்த மேடை இம்மன்றம் ஒன்றே. முதன்முதலாக இங்கே பேச எழும் தம்பி தங்கையர், மூத்தோரிடம் கேட்டதையே தாமும் சொல்வர். ஆகவே, "ஒன்றும் தெரியாது" என்னும் தொடரை அவர்கள் நம்மிடமிருந்து கற்காதிருக்கட்டும். தெரிந்ததைத் தேர்ந்து வந்து, தெரியாததைக் கேட்டறியும் மனத்தோடு நிற்பதே அவையடக்கம் என்று அவர்கள் நம்மைக் கண்டு உணரட்டும்.