டென்ட் வேண்டாம்... டார்ச் வேண்டாம்! நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகருக்கு ஒரு நடுராத்திரி நடை

கடற்கரையில் ஒரு ராத்திரி முழுக்க நடக்க வேண்டும், மணலிலேயே படுத்து எழுந்து வர வேண்டும் என்று ஆசைப்படாத வாலிபர்கள் சென்னையில் ரொம்பக் குறைவு.

சனிக்கிழமை வந்தால் போதும். நாலு நண்பர்கள் கூடுவார்கள். "டென்ட் நான் கொண்டு வர்றேன், விறகு நீ பாத்துக்க, கோழி அவன் பொறுப்பு" என்று ஐந்தே நிமிடத்தில் திட்டம் ரெடி! கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்காவது வண்டியை ஓரம் கட்டிவிட்டு மணலில் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் தை பிறந்ததில் இருந்து பங்குனி வரைக்கும் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டி வைப்பது நல்லது. ஏன் என்றால் அந்த மூன்று மாதமும் அதே மணலுக்கு, அதே நேரத்தில், வேறு ஒரு விருந்தாளி வருகிறது.

பங்குனி ஆமை!

மீனவர்கள் வைத்த பெயர் இது. சுமார் 40 கிலோ எடையுள்ள தாய் ஆமை, அலையோடு அலையாகக் கரை ஏறி, மணலைத் தோண்டி முட்டை இட்டுவிட்டு, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். அது வரும் வழியில் ஒரு டென்ட் நின்றால்? நெருப்பு எரிந்தால்? ஒரு டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தால்?

வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அதற்காக ராத்திரி நடையையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. டென்ட்டும் டார்ச்சும் இல்லாமல், ஆமைக்காகவே நடக்கிற நடை ஒன்று சென்னையில் பல ஆண்டுகளாக நடக்கிறது. நீலாங்கரையில் இறங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோ மீட்டர். நள்ளிரவை ஒட்டித் தொடங்கும். கிழக்கு வெளுப்பதற்கு முன் முடியும்.

மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் 1988-ல் இருந்து இதை நடத்தி வருகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. சீசனில் ராத்திரிதோறும் அவர்கள் நடப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட அழைத்துப் போவது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது உத்தமம்.

வண்டியை எங்கே விடுவது?

இங்கேதான் பல பேர் ஏமாந்து போகிறார்கள்!

ஸ்கூட்டரை நீலாங்கரையில் நிறுத்திவிட்டு உற்சாகமாக நடந்துவிடுவார்கள். நடை முடிவது பெசன்ட் நகரில். அதிகாலை நேரம், கால் இரண்டும் கெஞ்சும், வண்டியோ 7 கிலோ மீட்டர் தள்ளி நிற்கும். ஆட்டோக்காரர் சொன்னதுதான் கட்டணம்!

எனவே வண்டியை பெசன்ட் நகரில் விட்டுவிட்டு, பஸ்சிலோ ஆட்டோவிலோ நீலாங்கரை போய்ச் சேருவதுதான் புத்திசாலித்தனம். வண்டி இல்லாதவர்களுக்குக் கவலை இல்லை. எலியட்ஸ் பீச் மணலில் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துவிட்டு, சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தால் காலை பஸ் கிடைத்துவிடும்.

7 கிலோ மீட்டர் என்றதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தார் ரோட்டில் ஒன்றரை மணி நேர வேலை. மணலில் அப்படி இல்லை. காய்ந்த மணலில் ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுக்கும். அலை நனைத்த ஈர மணலை ஒட்டி நடந்தால் சுலபம். ஆனால் கடற்கரை அங்கே கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். கடல் எப்போதும் வலது பக்கமே இருப்பதால் வலது கால் தாழ்ந்தே நடக்க வேண்டும். அரை தூரம் போவதற்குள் இடுப்பு புகார் சொல்லும்!

குப்பங்களைக் கடக்கும்போது காலடியில் கண் வேண்டும். படகைக் கட்டிய கயிறு, விரித்துப் போட்ட வலை, உடைந்த பாட்டில் எல்லாம் இருட்டில் தெரியாது. வெறுங்காலோடு நடப்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். பட்டை வைத்த செருப்புப் போடுவதே நல்லது. நாய்கள் குரைக்கும். ஓடாமல் கூட்டத்தோடு நடந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். குப்பத்தில் ஜனங்கள் தூங்குகிற நேரம் என்பதால் பாட்டும் கூச்சலும் கூடாது. விடிவதற்கு முன்பே படகு தள்ளப் போகிறவர்கள் அவர்கள்.

குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர், கடிக்க ஏதாவது பிஸ்கட், கறுப்பு நிறச் சட்டை. மாசியில் பின்னிரவுக்கு மேல் பனி இறங்கும். ஒரு துண்டு இருந்தால் காதை மூடிக்கொள்ளலாம். அவ்வளவுதான் மூட்டை.

குளிக்க இறங்காதீங்க!

வியர்த்துக் கொட்டினாலும் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்க்கச் சாதுவாக இருக்கும். நாலு அடி உள்ளே போனால் ஆழம் திடீரென்று மாறும். இழுப்பும் உண்டு.

நடை முடிகிற பெசன்ட் நகரிலேயே அதற்குச் சாட்சி நிற்கிறது. வெள்ளையாக, வளைவுகளோடு, சினிமாப் படங்களில் எல்லாம் வருகிற அந்த மண்டபம் காதலர்களுக்காகக் கட்டியது அல்ல. 1930-ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம் அது.

இருட்டில் என்ன தெரியும்?

டார்ச் இல்லாமல் எப்படி நடப்பது என்று கேட்காதவர்கள் கிடையாது. அரை மணி நேரம் வெளிச்சத்தைப் பார்க்காமல் இருந்தால் கண் தானாகப் பழகிவிடும். அமாவாசையில்கூட அலையின் வெள்ளை நுரை வழி காட்டும். நடுவில் ஒரே ஒருத்தர் செல்போனைத் திறந்தால் போதும். பத்துப் பேருடைய கண்ணும் மறுபடி குருடு!

தேட வேண்டியது ஆமையை அல்ல, தடத்தை. கடலில் இருந்து மேட்டை நோக்கி ஒரு சின்ன டிராக்டர் ஏறிப் போனது போல மணலில் ஒரு கோடு. பக்கத்திலேயே திரும்பிப் போன இன்னொரு கோடு. இரண்டும் சேருகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கேதான் புதையல்!

தொண்டர்கள் மெல்லிய கம்பியை நிதானமாக மணலில் இறக்கிப் பார்ப்பார்கள். கம்பி சட்டென்று இளகி இறங்கினால் கீழே குழி என்று அர்த்தம். பிறகு கையாலேயே தோண்டுவார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், பானை மாதிரி வாய் குறுகி வயிறு பருத்த குழி. அதற்குள் பிங்பாங் பந்து போல நூறுக்கு மேல் முட்டைகள்! வனத்துறை அனுமதியோடு அவர்கள் செய்கிற வேலை இது. "நானும் ஒரு குத்து குத்திப் பார்க்கிறேனே" என்று யாரும் கம்பியை வாங்கக் கூடாது. கடலாமை, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையை எடுத்தால் ஜெயில்தான்.

அதிர்ஷ்டம் இருந்தால் ஆமையையே பார்க்கலாம். பார்த்தால் எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அது சுலபத்தில் கலையாது. அதற்கு முன்பு ஒரு அசைவே போதும். முட்டை இட்டதும் பின் துடுப்பால் மணலை இழுத்து மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, அடி வயிற்றால் தொம் தொம் என்று தட்டி இறுக்கும். களிமண் தரையைத் திமிசு போட்டு இறுக்குவது மாதிரி! பிறகு பெருமூச்சு விட்டபடி கடலுக்கு நடக்கும். போட்ட முட்டையைத் திரும்ப வந்து பார்க்காது.

ஒன்றுமே பார்க்காமல் திரும்புகிற ராத்திரிகளும் உண்டு. அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இன்னொரு காட்சிக்கும் தயாராக வேண்டியிருக்கிறது. செத்த ஆமைகள்!

2025 ஜனவரியில் மட்டும் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கு அடியிலேயே இழுபட்டால் மூச்சு முட்டிச் சாகும். கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் இந்தக் கதி!

பாட்டிலில் போட்ட கடிதம்

இந்த நடைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1970-களின் தொடக்கத்தில், ஆமை முட்டையைத் தோண்டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கிண்டி பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் தொடங்கியது. முட்டைத் திருடனுக்கு முன்னால் போய்ச் சேருவதுதான் அன்றைய போட்டி.

அந்த இளைஞர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர், கடற்கரையே கதி என்று ஆகிவிட்டார். இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டரைக் கால்நடையாகவே அளந்தார்.

கடற்கரையில் முகாம் போடுவது என்றால் அவர் போட்டதுதான் முகாம்! 1982-ல் லட்சத்தீவின் சுஹேலியில், ஆள் இல்லாத ஒரு தீவில், மழைக்காலம் முழுக்கத் தன்னந்தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் அங்கே படகு போகாது. ஆனால் பச்சை ஆமை முட்டையிட வருவதும் அப்போதுதான். எனவே மாதக்கணக்கில் தேவைப்படும் சாமான்களைக் கூடவே கொண்டு போக வேண்டியிருந்தது.

தபால்காரர் கிடையாது. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்து, கடலில் வீசினார். 24 நாள் கழித்து இலங்கையில் ஒரு மீனவர் கையில் அது கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் அனுப்பியும் வைத்தார்! சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார்.

பொரிப்பகம்

பெசன்ட் நகரில் நடை முடிகிற இடத்தில் வேலி கட்டிய ஒரு பாத்தி இருக்கும். துணிப் பையில் அசங்காமல் கொண்டு வந்த முட்டைகளை, அதே ஆழத்தில், அதே பானை வடிவத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். தாமதமும் ஆகக் கூடாது, முட்டையைப் புரட்டவும் கூடாது. உள்ளே கரு ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண்.

அப்படியே மணலில் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நாய்கள் விடாது. அதைத் தாண்டிப் பொரித்தாலும், குஞ்சுகள் எங்கே வெளிச்சமோ அங்கே ஓடும். முன்பெல்லாம் ராத்திரியில் கடல்தான் வெளிச்சம். இப்போது ரோட்டு விளக்கு! கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு ரோட்டுக்குப் போய் வண்டிச் சக்கரத்தில் சிக்கும்.

புதைத்த ஒவ்வொரு குழிக்கும் தேதியும் முட்டைக் கணக்கும் குறித்து வைப்பார்கள். பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். ஜனவரி கடைசியில் புதைத்தது மார்ச் நடுவில் பொரியும். குஞ்சுகளைக் கடலில் விடும்போது உள்ளங்கை அளவுகூட இல்லாத அவை, அலை வந்து தள்ளத் தள்ள மறுபடி எழுந்து போகும். அதைப் பார்க்க ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சாயங்காலம்தான். நடக்க முடியாத பெரியவர்களையும் குழந்தைகளையும் அதற்கு அழைத்துப் போகலாம்.