கோடையும் நம் வீட்டுப் பூச்சிகளும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கல்யாண மகாலைச் சுற்றிப் பார்ப்பர். மூச்சிரைக்க இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவர். படம் எடுத்துக்கொண்டு இறங்குவர். அடிவாரத்திலுள்ள நெற்களஞ்சியத்திற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் இருட்டு அறை" என்று திரும்பிவிடுகிறவர்களே மிகுதி. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராட்டிரத்திற்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்றது நம் செஞ்சி ஒன்றுதான். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. ஆண்டுக் கணக்கில் வாயில் அடைத்து வாழ வேண்டுமானால் மதில் மட்டும் போதாது. உள்ளே நெல் கெடாமல் இருக்க வேண்டும். பீரங்கிக்கு அஞ்சாத கோட்டையும் அரிசி வண்டுக்கு அஞ்சியே ஆக வேண்டும்.

சென்ற சித்திரையில் ஒரு நண்பகல் அக்களஞ்சியத்திற்குள் சென்று நின்றேன். வெளியே பாறை கொதித்தது. உள்ளே அவ்வளவு சூடு இல்லை. பருத்த சுவரும் வளைந்த கூரையும் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது எங்கள் தகர அரிசிப் பீப்பாயைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா அமர்ந்திருந்தார். அரிசி நடந்துகொண்டிருந்தது! நடந்தது அரிசியன்று, வண்டு. விலங்கியல் மாணவன் என்ற முறையில் எனக்கு அது ஆர்வமூட்டும் காட்சி; ஆனால் மாதச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரிசி அது என்பதால் அம்மா அப்படிக் கருதவில்லை.

வெயில் காலத்தில் மட்டும் இவை ஏன் இப்படிப் பெருகுகின்றன? நம் உடலைப் போலப் பூச்சியின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்வதில்லை. சுற்றுப்புறம் சூடேறினால் அதன் உடலும் சூடேறும், வளர்ச்சியும் விரைவாகும். விலங்கியலார் சிட்டோபிலஸ் ஒரைசே என்று பெயரிட்டுள்ள அரிசி வண்டை எடுத்துக்கொள்வோம். தாய் வண்டு தன் நீண்ட மூக்கால் தானியத்தில் சிறு துளையிட்டு, அதில் ஒரே ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு பொருளால் வாயை மூடிவிடும். புழு அந்தத் தானியத்தின் உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். முப்பது பாகை செல்சியசு அளவில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். பதினெட்டுப் பாகையில் மூன்று மாதம்வரை ஆகும். ஒரு தாய் முந்நூறு முட்டைவரை இடுமென்றால், சித்திரையில் பீப்பாயில் புகுந்த ஒரு சோடிக்கு ஆனியில் எத்தனை பேரப்பிள்ளைகள் இருக்கும் என்பதைக் கணக்குத் துறை நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன். முறத்தில் புடைத்து வண்டை எடுத்துவிட்டோம் என்று மகிழ்கிறோமே, அடுத்த தலைமுறை நல்ல அரிசி போலவே தோன்றும் மணிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பெருகுவது ஒரு பக்கம். வெளியே இருப்பவை வீட்டை நாடுவது மறுபக்கம். வயல் அறுத்தாகிவிட்டது, ஏரி வற்றிவிட்டது, பாறை சுடுகிறது. இந்நிலையில் நம் வீட்டில் மூன்று பொருள் தாராளமாகக் கிடைக்கின்றன: தின்பண்டம், தண்ணீர், நிழல். அதனால் ஒரு மருந்தையோ வழியையோ யார் சொன்னாலும், இம்மூன்றில் எதை அது பூச்சிக்குக் கிடைக்காமல் செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வெயிலால் பெருகும் இப்பூச்சிகளை வெயிலைக் கொண்டே கொல்லவும் முடியும். நாற்பது பாகையைத் தாண்டினால் அரிசி வண்டு இனம் பெருக்க இயலாது. ஐம்பதைத் தாண்டினால் நெடுநேரம் உயிர் தாங்காது. பயறு வண்டை ஆராய்ந்தவர்கள் 57 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாமே மடிவதாகக் கண்டார்கள். நம் ஊர் மாடித் தளத்தில் கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் உளுந்தையோ துவரையையோ ஒரு விரல் கனத்திற்கு மேற்படாமல் பரப்பி, மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களில் கல் வைத்தால், நண்பகலில் அந்தச் சூடு வந்துவிடும். சும்மா திறந்த வெயிலில் குவித்துப் போட்டால் வண்டு சாவதில்லை. மெல்ல நடந்து சுவர் நிழலுக்குப் போய் இருந்துவிட்டு, மாலையில் நமக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்! அரிசியை இப்படிக் கடும் வெயிலில் வைக்கக் கூடாது. மணி வெடித்து நொய்யாகிப் போகும். அரிசிக்கு நிழற்காய்ச்சலும் இறுக மூடும் பாத்திரமுமே ஏற்றவை. இறுக மூடினால் உள்ளிருக்கும் பூச்சிகள் உள்ளிருக்கும் உயிர்வளியைத் தாமே தீர்த்துவிட்டுத் தாமே திணறும். நம் முன்னோர் குதிரின் வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைத்ததில் இந்த உண்மை அடங்கியிருக்கிறது. பாதி தீர்ந்த பெரிய பீப்பாயில் இது நடக்காது, மேலே காற்று நிறைய இருப்பதால். சிறு சிறு பாத்திரங்களில் தளும்ப நிரப்பி வைப்பது மேல்.

எங்கள் ஆயா துவரையில் செம்மண் குழைத்துக் கட்டி உலர்த்தி வைப்பார். அழுக்கு வேலை என்று நான் நகைத்ததுண்டு. பூச்சியின் உடல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உள்ளது. உடலின் நீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். நுண்ணிய மண்ணும் சாம்பலும் அந்த மெழுகை உராய்ந்தும் உறிஞ்சியும் எடுத்துவிடுகின்றன. பிறகு கோடைக் காற்றே பூச்சியை உலர்த்திக் கொன்றுவிடுகிறது. உடைத்த பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவுவதும் பயனுள்ளதே. எண்ணெய் படிந்த முட்டை மூச்சு முட்டிப் பொரிவதில்லை. வசம்பைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது பூச்சியை விரட்டும் என்பது மெய்யே. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்று உண்டாக்கியதைக் கண்டு, 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. ஆகவே பொடித்து அரிசியில் கலப்பதைக் கைவிட்டு, துணியில் முடிந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேப்பிலை, நொச்சி இலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்தவையாக இருக்கட்டும். பச்சை இலை ஈரத்தைக் கொடுத்து எதிர்வினை செய்யும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய பூச்சிப் பொறி ஒன்றும் உண்டு. உடலெங்கும் நுண்துளை இட்ட குழாய், அடியில் ஒரு குப்பி; அவ்வளவே. அரிசிக்குள் நட்டு வைத்தால், காற்றை நாடும் வண்டு துளை வழியே நுழைந்து குப்பிக்குள் விழும். வழுவழுப்பான சுவரில் அதனால் ஏற முடியாது. மருந்தில்லை, மின்சாரமில்லை. வண்டு வந்துவிட்டதை நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இது சொல்லிவிடும் என்பது இதன் சிறப்பு.

பங்குனி, சித்திரையில் புளி உடைக்கும் வீடுகளில் இன்னொரு வண்டு வரும். புளியங்கொட்டையைத் துளைப்பதும், தோலோடு கட்டி வைத்த மல்லாட்டையைத் துளைப்பதும் ஒரே இனம். மல்லாட்டை மூட்டையையும் கொட்டை எடுக்காத புளியையும் ஒரே அறையில் அடுக்குவது அதற்கு விருந்து வைப்பதாகும்.

தானியம் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டெலியாகிறது. நம் வட்டாரத்து இருளர் மக்கள் வரப்பு வளையைத் தோண்டிப் படிக்கணக்கில் நெல் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் சேமிப்புத் திறன் தெரியும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். கதவடியில் தகடு அடிப்பதும், குழாய் வரும் துளையில் இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்துச் சிமெண்டு பூசுவதும், எலிப்பொறி வைப்பதும் உழைப்பான வேலைகள். அதனால்தான் பலர் கடையில் எலி மருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இங்கே சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன்.

குழாயில் அடைத்த எலிப் பசையில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். பார்வைக்குப் பற்பசை போலிருப்பதால் குழந்தைகள் எடுத்துப் பல்லில் தேய்த்துவிட்ட நேர்வுகள் உண்டு. உள்ளே போனபின் ஓரிரு நாள் ஒன்றுமில்லாதது போலத் தோன்றி, பிறகு ஈரல் கெடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கிடங்குகளில் நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கொடியது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அவ்வாயு சுவர்ச் சந்து வழியே பக்கத்து அறைக்கும் போகும். பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், மனிதர் உறங்காத கிடங்கில் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய ஒரு குடும்பத்தில் இரு சிறு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்தை வைத்தவர்கள் பூச்சி ஒழிப்பைத் தொழிலாகச் செய்தவர்கள். கோடையில் நாம் கொசுவுக்கும் புழுக்கத்திற்கும் பயந்து சன்னலை அடைத்துக் குளிரூட்டியையோ விசிறியையோ போட்டுக்கொண்டு உறங்குகிறோம். அந்த அறையில் நச்சு வாயு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உறவினர் யாரேனும் "இரண்டு மாத்திரை வண்டுக்குப் போடு, போதும்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

எறும்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் சென்ற எறும்பு விட்டுச் சென்ற மணத்தைப் பின்தொடர்ந்தே மற்றவை வருகின்றன. சோப்பு நீரால் அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டால் வரிசை குழம்பும். கரப்பான் பூச்சி உணவில்லாமல் வாரக்கணக்கில் இருக்கும். தண்ணீரில்லாமல் அவ்வளவு தாங்காது. இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர்த்துவது எந்தத் தெளிப்பானையும் விடப் பயன் தரும்.

கரப்பானை அடக்கினால் வேறொரு நன்மையும் உண்டு. அதைத் தின்ன வரும் தேள் வராது. பாறையும் கல்லடுக்கும் நிறைந்த நம் ஊரில் கோடை இரவுகளில் தேள் வெளியேறித் திரியும். பெரிய கருந்தேளைக் கண்டு அலறுகிறோம். உண்மையில் அதைவிடச் சிறிய செந்தேளே கொடியது. அது கொட்டி, உடல் வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் அது வெறும் வலியன்று, இதயம் தாக்குண்டதன் அறிகுறி. மகாராட்டிரத்தின் மகாட் என்னும் ஊரில், மேலே சொன்ன பன்னிரண்டில் ஒன்றான ராய்கட் கோட்டையின் வட்டாரத்தில், மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்திற்கான பிராசோசின் என்ற மாத்திரை இதற்கு உதவுவதைக் கண்டு 1986இல் வெளியிட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கீறுவதும் கட்டுப்போடுவதும் மந்திரிப்பதுமாகக் கழியும் ஒவ்வொரு மணியும் அந்த மாத்திரைக்குரிய நேரத்தில் குறைகிறது. ஆகவே கொட்டியவரை, குறிப்பாகக் குழந்தையாயின், நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். புற ஊதாக் கைவிளக்கின் ஒளியில் தேள் பச்சை நீலமாக மின்னும். விறகடுக்கு உள்ள வீட்டில் படுக்கும் முன் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். விளக்கு இல்லாதோர் காலையில் செருப்பை உதறிவிட்டு மாட்டிக்கொள்ளட்டும்.