பூச்சிமருந்தும் பாலைப்பழமும்

இடம்பெயர்ந்து காட்டோரம் இருந்த நாட்களில் எங்கள் பசியாற்றியது பாலைப்பழம். இன்று பாலையூற்றில் பழக்காலம் வரும்போதெல்லாம் தேனீக்களையும் நினைக்கிறேன்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், ஊசியிலை மரங்களைத் தின்னும் புழுவை ஒழிக்க 1952 முதல் விமானங்களில் மருந்து தெளித்தார்கள். முதலில் டிடிடி, பின்னர் பெனிட்ரோதியன். அந்த மருந்து காட்டுத் தேனீக்களையும் கொன்றது. அருகில் புளூபெர்ரிச் செடிகள் பூத்தன. மகரந்தம் காவத் தேனீ இல்லாமல் காய்ப்புக் குறைந்தது. பழச்செய்கை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்து, 1976இல் வென்றது.

எங்கள் பாலைப் பூவிலும் தேனீக்கள்தான் மொய்க்கின்றன. காட்டோர வயல்களில் மருந்தடிப்போர் காற்றில்லாத அந்தியில், தேனீக்கள் கூடு திரும்பிய பின் அடியுங்கள். பூக்காலத்தில் இயன்றவரை தவிருங்கள். எங்களைக் காத்த காட்டுக்கு இதையாவது செய்வோம்.