ஊர் லைசென்ஸ் துபாயில் செல்லாது! பைக் டெலிவரி வேலைக்குப் போகும் வாலிபர்களே உஷார்

ராமநாதபுரம்:

ஆர்.டி.ஓ. ஆபீசில் 8 போட்டு வாங்கிய லைசென்ஸ். பத்து வருஷமாக பைக் ஓட்டி ஒரு கீறல்கூட விழவில்லை. 'இது போதாதா?' என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள் நம்ம ஊர் வாலிபர்கள். துபாயில் குடியிருப்பு விசா கைக்கு வந்துவிட்டால், வண்டி ஓட்டும் விஷயத்தில் அந்த லைசென்ஸ் வெறும் பிளாஸ்டிக் அட்டைதான்!

ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், தென்காசி பக்கம் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் போவது புதிது அல்ல. முன்பு கட்டிட வேலை, கடை வேலை, டிரைவர் வேலை என்று போனார்கள். இப்போது அதோடு பைக்கில் சாப்பாடு, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வேலையும் சேர்ந்திருக்கிறது. பைக் ஓட்டத் தெரிந்தால் போதும், பெரிய படிப்பு தேவையில்லை என்று சொல்வதால் பல பேர் கிளம்பிவிடுகிறார்கள். பைக் ஓட்டத் தெரிவது வேறு, அந்த ஊரில் ஓட்ட அனுமதி வாங்குவது வேறு. இது பல பேருக்கு அங்கே போய் இறங்கின பிறகுதான் தெரிகிறது.

எந்த நாட்டுக்காரர் தப்பிக்கிறார்?

பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா போன்ற நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அங்கே போய் அதைக் காட்டி ஐக்கிய அரபு அமீரக லைசென்சாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இந்தியர்கள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பாஸ் ஆகித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

'இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துட்டுப் போனா ஓட்டலாமே' என்று சிலர் கேட்பார்கள். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே 1000 ரூபாய் கட்டி ஒரு வருஷத்துக்கு இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கலாம், உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் விசா வந்துவிட்டால் அதைக் காட்டி ஓட்ட முடியாது. சரி, விசிட் விசாவிலேயே ஓட்டிக்கொண்டு வேலை பார்க்கலாமா? கூடவே கூடாது. விசிட் விசாவில் வேலை பார்ப்பதே குற்றம். அப்படி ஆள் வைத்து வேலை வாங்கும் கம்பெனிக்கு 1 லட்சம் திர்ஹாம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கி விட்டார்கள். மாட்டினால் வேலை பார்த்தவரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். கார் லைசென்ஸ் வேறு, பைக் லைசென்ஸ் வேறு. அங்கே ஏற்கனவே கார் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பவர்கூட அதை வைத்து பைக்கைத் தொட முடியாது. பைக்குக்குத் தனியாகப் படித்துப் பாஸ் ஆக வேண்டும்.

எப்படி வாங்குவது?

துபாயில் லைசென்ஸ் கொடுப்பது சாலை மற்றும் போக்குவரத்து ஆணையம். எல்லோரும் ஆர்.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். சார்ஜாவில் போலீசின் போக்குவரத்துப் பிரிவு இந்த வேலையைப் பார்க்கிறது. எந்த ஊரில் வாங்கினாலும் ஏழு எமிரேட்டிலும் ஓட்டலாம்.

முதலில் எமிரேட்ஸ் ஐ.டி. கார்டு வர வேண்டும். பிறகு கண் பரிசோதனை. அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஏ. அனுமதித்த டிரைவிங் ஸ்கூலில் பைல் திறக்க வேண்டும். 'பைல் ஓபன் பண்ணியாச்சா?' என்பதுதான் அங்கே புதுசாகப் போகிறவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி. ஊர் லைசென்ஸ் பல வருஷம் பழையதாக இருந்தால் பயிற்சி மணி நேரம் குறையும். அதனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த அளவுக்கு அது உதவும்.

அடுத்து சாலை விதிகள் பற்றிய வகுப்பு. அது முடிந்ததும் கம்ப்யூட்டரில் தேர்வு. ஆங்கிலம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். 2015-ல் இந்தத் தேர்வில் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் உள்பட பல மொழிகளைச் சேர்த்தார்கள். பதிவு செய்யும்போதே தமிழ் என்று சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு ஆங்கிலம் என்று சொல்லிவிட்டு, கேள்வி புரியாமல் பெயிலாகி, மறுபடியும் பணம் கட்டுவது தேவையில்லாத செலவு.

அதன் பிறகு மைதானத்தில் பைக் பயிற்சி. ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் போட்டால்தான் வண்டியில் ஏறவே விடுவார்கள். இங்கேதான் நம்ம ஆட்கள் தடுமாறுகிறார்கள். காரணம் பழக்க தோஷம்! நமக்கு இடது பக்கம் ஓட்டித்தான் பழக்கம். அங்கே வலது பக்கம். ரவுண்டானாவை நாம் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றுவோம். அங்கே அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ரவுண்டானாவுக்குள் ஏற்கனவே இருக்கும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, நாம் நின்று வழிவிட வேண்டும். நம்ம ஊரில் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைகிற மாதிரி அங்கே நுழைந்தால் அந்த நிமிஷமே பெயில்தான்.

லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்க்க வேண்டும், இண்டிகேட்டர் போட வேண்டும், கழுத்தைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பத்து வருஷம் ஓட்டினவருக்கு இந்தக் கழுத்து திருப்புவதுதான் வரவே வராது. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் சுலபமாகப் பாஸ் ஆகிவிடுகிறார், அனுபவசாலி பெயில் ஆகிறார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நடக்கிற கதை இதுதான்.

ஷேக் சயீத் சாலையில் ஒரு பக்கமே ஆறு லேன் ஓடுகிற இடம் உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் பறக்கும். சின்ன தெருவில் சைடு வாங்கி ஓட்டின பழக்கத்தோடு அங்கே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கண்டிப்பு இவ்வளவு இருப்பதில் தப்பே இல்லை.

ரோடு டெஸ்டில் பெயில் ஆனால் அப்படியே மறுநாள் போய் நிற்க முடியாது. கூடுதல் வகுப்பு எடுத்து, அதற்கும் பணம் கட்டி, மறுபடி தேதி வாங்க வேண்டும். ஒரே தடவையில் பாஸ் ஆனாலே வாரக்கணக்கு ஆகும். இரண்டு மூன்று தடவை பெயில் ஆனால் மாதக்கணக்கு!

பணம் யார் தருவது?

இதுதான் முக்கியமான கேள்வி. பைல் திறப்பது, வகுப்பு, தேர்வு, கார்டு என்று எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் திர்ஹாம் ஆகிவிடும். ஒரு திர்ஹாம் நம்ம பணத்துக்கு 20 ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் வரும் வரை வண்டி ஓட்ட முடியாது. ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷனில் வேலை என்றால் அதுவரை வருமானமும் கிடையாது. ஆனால் சாப்பாட்டுக்கு, தங்கும் இடத்துக்கு, ஊரில் வாங்கின வட்டிக் கடனுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

'லைசென்சை கம்பெனியே எடுத்துக் கொடுத்துடும் தம்பி' என்று ஏஜெண்டு சொல்வார். எடுத்துக் கொடுக்கிற கம்பெனி உண்டு. அதில் பல கம்பெனிகள் அந்தப் பணத்தை மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பெயில் ஆனால் அந்தச் செலவு யார் தலையில்? லைசென்ஸ் வாங்கும் வரை சாப்பாட்டுக்காவது பணம் உண்டா? பாதியில் வேலையை விட்டால் லைசென்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? இதை எல்லாம் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். ஆள் எடுப்பதற்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அமீரகத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. விசாவுக்கு என்று லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும்.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டு, சேவைக் கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஏஜெண்டு பதிவு செய்தவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் அமீரகத்துக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறது. அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால்?

'லைசென்ஸ் வர்ற வரைக்கும் சும்மா பக்கத்துத் தெருவுக்குள்ள ஓட்டு' என்று சூப்பர்வைசர் சொல்லலாம். கூட இருக்கிற நண்பரின் வண்டியை எடுக்கவும் ஆசை வரலாம். 2025 மார்ச் 29 முதல் புதிய போக்குவரத்துச் சட்டம் வந்துவிட்டது. லைசென்சே இல்லாமல் ஓட்டினால் 3 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் முதல் 50 ஆயிரம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. செல்லாத வெளிநாட்டு லைசென்சை வைத்து ஓட்டினால் முதல் தடவையே 2 ஆயிரம் முதல் 10 ஆயிரம் திர்ஹாம் வரை அபராதம்.

இதைவிடப் பயங்கரம் விபத்து நடந்தால்தான். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 2 லட்சம் திர்ஹாம் 'தியா' என்ற ரத்தப் பணம் கொடுக்க வேண்டும். நம்ம பணத்துக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும். லைசென்ஸ் இருந்தால் அதை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்றால், கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஓட்டினவரிடமே திருப்பிக் கேட்கலாம். சம்பாதிக்கப் போன பிள்ளை அங்கே ஜெயிலில் இருக்க, பெற்றவர்கள் இங்கே இருக்கிற வீட்டையும் விற்க வேண்டியதாகிவிடும்.

கார்டு வந்த பிறகு

லைசென்ஸ் கைக்கு வந்தால் முதலில் 2 வருஷத்துக்குத் தருவார்கள். அடுத்து புதுப்பித்தால் 5 வருஷம். விதியை மீறினால் அபராதத்தோடு 'பிளாக் பாயிண்ட்' விழும். ஒரு வருஷத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் 3 மாதத்துக்குப் பறிபோகும். டெலிவரி ஆட்களுக்கு அது 3 மாதம் பட்டினி.

துபாயில் டெலிவரி ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் இன்னொரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது. ஐந்து லேனும் அதற்கு மேலும் உள்ள சாலையில் இடது ஓரத்தில் உள்ள இரண்டு வேக லேனில் டெலிவரி பைக் போகக் கூடாது. மூன்று, நான்கு லேன் உள்ள சாலையில் இடது ஓர லேனில் போகக் கூடாது.

சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், லைசென்ஸ் பணம் என்று சொல்லி அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்றால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் இருக்கிறது. அமீரகத்துக்குள் இருந்து 800 46342 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். விமானம் ஏறும் முன்பே இந்த நம்பரை செல்போனில் பதிந்துகொள்ளலாம். வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.