ஒரு புள்ளி இரண்டாகத் தெரிந்தபோது

எங்கள் மத்ரஸாவில் காலையில் சிறுவர் சிறுமியரும், இஷாவுக்குப் பின் பெரியவர்களும் ஓத வருகின்றனர். பெரியவர்களின் வகுப்பில், அறுபது வயதைக் கடந்த ஒருவர் திடீரெனப் பிழையாக வாசிக்கத் தொடங்கினார். கரும்பலகையில் நான் எழுதிய ‘பே’யை ‘யே’ என்றார். சொல்லின் தொடக்கத்தில் இவ்விரண்டு எழுத்துக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இருந்தால் பே, இரண்டிருந்தால் யே. “ஹஜ்ரத், எனக்கு இரண்டு புள்ளிதான் தெரிகிறது” என்று அவர் சாதித்தார். முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தபோது மட்டும் புள்ளி ஒன்றாயிற்று. அவர் கண்ணில் கோணல் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

காலை வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய இடக்கண் மூக்கை நோக்கித் திரும்பியிருப்பதை யாரும் காணலாம். ஆயினும் அவள் ஒரு புள்ளியையும் தவறவிட்டதில்லை. நேராகத் தோன்றும் கண்ணுக்கு இரண்டாகவும், கோணிய கண்ணுக்கு ஒன்றாகவும் தெரிவது எப்படி என்பது எனக்குப் பெரும் புதிராக இருந்தது.

வாசகர்களே, இவ்விதழைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலை முகத்துக்கு முன் நிறுத்தி, அதைத் தாண்டிச் சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். விரலையே உற்றுப் பாருங்கள், ஒன்றாகிவிடும். நம் இரு கண்களும் சிறிது இடைவெளியில் இருப்பதால், ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட காட்சியைப் பெறுகிறது. இரண்டும் ஒரே பொருளின் மீது குவியும்போது மூளை அவ்விரு காட்சிகளையும் இணைத்து ஒன்றாக்குகிறது. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே தொலைவையும் ஆழத்தையும் கணிக்கிறது. ஊசியில் நூல் கோப்பதற்கும், குவளையில் சிந்தாமல் தேநீர் ஊற்றுவதற்கும் இக்கணிப்பு பெரிதும் உதவுகிறது.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைஸம் அவர்கள், தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சிறு பலகை ஒன்றை மூக்கின் முன் பிடித்து, அதன் மீது மெழுகுத் துண்டுகளை நிறுத்தி, எது ஒன்றாகத் தெரிகிறது, எது இரண்டாகத் தெரிகிறது என்று சோதித்தார்கள். இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள் அவற்றை இயக்குகின்றன. எங்கள் பெரியவருக்கு நெடுநாள் சர்க்கரை நோய். வலக்கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசைக்குச் செல்லும் நரம்பு அதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவர் கூறினார். கண் இம்மியளவு பிசகினாலும், அறுபது ஆண்டுகளாக இரு காட்சிகளை இணைத்துப் பழகிய மூளைக்கு அவை பொருந்தவில்லை. எனவே இரண்டாகத் தெரிந்தது. இத்தகைய பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீராகும். அவருக்கும் சீராயிற்று. ஆனால் எல்லா இரட்டைப் பார்வையும் இப்படிக் காத்திருக்கத் தக்கதன்று. திடீரென இரண்டாகத் தெரிவதோடு இமை தொங்கினாலோ, கடும் தலைவலி இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா என்பதையும் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைந்தால் கண்கள் ஒன்றோடொன்று பொருந்தாத குறை. ஒற்றைக் கண்ணிலும் இரண்டாகவே தெரிந்தால், கண்புரை போன்று அந்தக் கண்ணிலேயே உள்ள குறையாக இருக்கலாம்.

சிறுமியின் கதைதான் என்னைக் கலங்க வைத்தது. வளரும் மூளை இரட்டைக் காட்சியைப் பொறுத்துக்கொள்வதில்லை. கோணிய கண் அனுப்புவதை ஒதுக்கிவிடுகிறது. ஆகையால் குழந்தைக்கு முறையிட ஒன்றும் இல்லை. ஒதுக்கப்பட்ட கண்ணோ நாளடைவில் பார்க்கும் ஆற்றலையே இழக்கிறது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, இளமையில் பயன்படாத கண்ணுக்கு மூளை இடமளிப்பதில்லை என்று காட்டிய ஹியூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். நான் அவளுடைய வலக்கண்ணை என் கைக்குட்டையால் மறைத்துக் கரும்பலகையைக் காட்டினேன். “எழுத்து எங்கே ஹஜ்ரத்?” என்று கேட்டாள்.

வீட்டில் சொன்னபோது அவளுடைய நன்னிமா ஒப்பவில்லை. “ஒன்றரைக் கண் வீட்டுக்கு யோகம், வளர்ந்தால் சரியாகிவிடும்” என்றார்கள். பிறந்த சில மாதங்கள்வரை குழந்தையின் கண் அவ்வப்போது விலகுவது இயல்பே. மூக்குத்தண்டு அகன்றிருப்பதால் மாறுகண் போலத் தோன்றுவதும் உண்டு. ஆனால் நான்கு மாதத்துக்குப் பின்னும் கண் கோணினால், அதை யோகம் என்று காத்திருப்பதற்கு மருத்துவத்திலும் ஆதாரமில்லை, மார்க்கத்திலும் ஆதாரமில்லை. அபூர்வமாகக் கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியும் மாறுகண்ணாகவே முதலில் வெளிப்படும். கருமணி வெண்மையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அவளுடைய வாப்பா கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். சிலருக்கு அதுவே கண்ணை நேராக்கிவிடுமாம். அவளுக்குப் பாதியே நேராயிற்று. பின் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மூடச் சொன்னார்கள். “தெரிகிற கண்ணை மூடுவது என்ன வைத்தியம்?” என்று நன்னிமா கடிந்தார்கள். ஒதுக்கப்பட்ட கண்ணை வேலை வாங்குவதே அதன் நோக்கம். அறுவைச் சிகிச்சை கண்ணை நேராக்குமேயன்றி, இழந்த பார்வையைத் தாராது. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. பிந்தினால் குறையும், முற்றிலும் இல்லையென்று ஆகிவிடாது.

தொடக்கத்தில் ஒட்டுப்போட்டதும் அழுவாள். அந்த நேரத்தில் ஓதுவதற்கென்று பெரிய எழுத்துப் பிரதி ஒன்றை வாங்கி வைத்தேன். நன்னிமாவே பக்கத்தில் அமர்ந்து ஒட்டைப் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் அவளுக்குச் சற்றுச் சிறிய எழுத்துப் பிரதியை மாற்றிக் கொடுத்தோம்.