மிஞ்சிய போல்ட் யாருடையது?

"அண்ணே, ஒண்ணு மிஞ்சுது!"

உதவிக்கு நிற்கும் தம்பியின் குரல் கேட்டதும் ஷெட்டில் எல்லார் கையும் நின்றுவிட்டது. மார்க் 2 அம்பாசிடர் ஒன்றின் இன்ஜினை அப்போதுதான் பூட்டி முடித்திருந்தார்கள். ஹெட் இறக்கி முறுக்கியாயிற்று, டைமிங் கவர் மூடியாயிற்று, சம்ப் மாட்டியாயிற்று. புது பெயின்ட் வாசனையோடு ஸ்டாண்டில் ஜம்மென்று நிற்கிறது இன்ஜின். கழுவித் துடைத்த தகர ட்ரேயிலோ ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரே ஒரு போல்ட்!

பழைய கார் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பரபரப்பான நிமிடம் வேறு கிடையாது. மிஞ்சியது ஏதோ ஒரு பிராக்கெட்டைப் பிடிப்பதாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. உள்ளே கனெக்டிங் ராடைப் பிடிக்க வேண்டியதாக இருந்தால்? மொத்தத்தையும் திரும்பப் பிரிக்க வேண்டும். எது என்று தெரியும்வரை இன்ஜினைக் காரில் ஏற்ற யாருக்கும் மனம் வராது. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்த ஷெட்டுக்குள் சரியாக அந்த நேரத்தில் நானும் இருந்தேன். வாருங்கள், உள்ளே கூட்டிப்போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த இன்ஜின் இங்கே முழுசாக வரவில்லை. வேறெங்கோ பல வருஷத்துக்கு முன்னால் பிரித்துப் போட்டு, பாதியில் கைவிட்டு, கோணிப்பைகளில் கட்டி வந்து இறங்கியது. எந்த போல்ட் எங்கிருந்து கழன்றது என்று சொல்ல ஆள் இல்லை. போல்ட்டையேதான் விசாரிக்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் அதை மண்ணெண்ணெயில் முக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அழுக்கு கரைந்ததும் தலையில் ஆழமில்லாத வட்டக் குழி ஒன்று தெரிந்தது. "யூனிஃபைடு!" என்றார். என்ன சந்தோஷம் அந்த முகத்தில்!

அந்தச் சின்னக் குழிக்குப் பின்னால் ஒரு உலகப் போரே இருக்கிறது. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி, பிரிட்டனின் விட்வொர்த் மரையின் கோணம் 55. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு போல்ட் இன்னொரு நாட்டு நட்டில் ஏறாமல் நேச நாடுகள் படாத பாடு பட்டன. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடிப் பேசி ஒரே மரைக்கு ஒத்துக்கொண்டன. அதுதான் யூனிஃபைடு. பழைய மரையோடு குழம்பாமல் இருக்க பிரிட்டனில் போல்ட் தலையில் இந்த வட்டக் குழியைப் போட்டார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை வைத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார்தானே அம்பாசிடர்? அதன் 1489 சிசி இன்ஜின், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ‘பி’ சீரிஸ். யூனிஃபைடு மரைக்குச் சொந்தக்கார இன்ஜின். ஆக, போல்ட் வேற்று ஆள் இல்லை!

அடுத்தது அளவு. 13-ஆம் நம்பர் ஸ்பேனர் லேசாக ஆடியது. அரை அங்குல ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது. "ரெண்டரை நூல்டா தம்பி." நம் ஷெட்டுகளில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல்; ரெண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம். ஆனால் அதே 5/16-க்கு அங்குலத்துக்கு 18 மரை உண்டு, 22 உண்டு, 24 உண்டு. கிட்டத்தட்ட அதே பருமனில் மில்லிமீட்டர் கணக்கில் எட்டாம் நம்பர் போல்ட்டும் உண்டு.

ஸ்பேனரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. எம்.ஜி. டி.சி., டி.டி. ஸ்போர்ட்ஸ் கார்களின் இன்ஜினில் போல்ட் தலைகள் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்தும், மரையோ மில்லிமீட்டர்! மோரிஸுக்கும் எம்.ஜி.க்கும் இன்ஜின் செய்த காவென்ட்ரி தொழிற்சாலை முதலில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனியுடையது. மோரிஸ் கார் கம்பெனியின் முதலாளி அதை 1923-ல் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மரையையே வெட்டிக்கொண்டிருந்தன; வாடிக்கையாளரின் ஸ்பேனருக்காகத் தலையை மட்டும் உள்ளூர் அளவில் செய்தார்கள். பழைய கார்க்காரர்களைச் சுற்றவிடும் அந்தச் சங்கதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

எனவே கேஜ் வெளியே வந்தது. ஓரத்தில் பல் வெட்டிய மெல்லிய இரும்பு இலைகளின் கொத்து அது. 22 இலையை மரையில் வைத்தார். முதல் சில பற்கள் உட்கார்ந்துவிட்டன. பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கடைசிப் பற்களுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தது. இல்லை. அடுத்து 24. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், எனக்கும் காட்டினார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை! 5/16 யு.என்.எஃப்., அதாவது யூனிஃபைடில் நெருக்கமான மரை. அம்பாசிடர் இன்ஜினில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிற அளவு.

அங்கேதான் சிக்கலே. வாட்டர் பம்ப்பில் இருக்க வேண்டியவை அத்தனையும் இருந்தன. மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு டப்பெட் கவர்களுக்கும் நடுவில் ஆளுக்கொரு நீள போல்ட், அவையும் இருந்தன. தம்பி டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். காலியான துளை ஒன்றுகூட இல்லை.

அண்ணன் போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பினார். முறுக்கி வைத்த போல்ட் என்றால் தலைக்கு அடியில் வாஷர் அழுந்தி வெள்ளை வளையம் விழுந்திருக்கும். இதில் அந்த இடம் கருப்பு மாறாமல் அப்படியே இருந்தது. மரையில் நுனிப்பக்கம் மட்டும் பளபளப்பு; அதற்கு மேலே மங்கல். நகத்தால் அந்த எல்லையைத் தடவிக் காட்டினார். "இது முறுக்கு வாங்கின போல்ட்டே இல்ல தம்பி. சும்மா கையால திருகி, கழட்டி, திருகி, கழட்டி..."

கையால் மட்டும் திருகப்பட்ட ஒரு நீள போல்ட்!

தம்பி சுவரைப் பார்த்தான். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த, தலையில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு அடித்த ஒரு டூலை எடுத்து வந்தான். அண்ணன் பல வருஷமாக டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவைத் தூக்குவதற்கு வைத்திருப்பது. இரண்டு மரைகளையும் பக்கம் பக்கமாக ஒட்டிப் பிடித்தான். ஒன்றுக்குள் ஒன்று அப்படியே இறங்கி, அசையாமல் நின்றன. "அண்ணே... இதுவும் அதுதானே?"

நான் கத்தியே விட்டேன்.

விஷயம் இதுதான். கேம் ஷாஃப்ட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஒரு சின்ன ஸ்பிண்டில். பிளாக்குக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும்; விரலுக்கு எட்டாது, பிளேயருக்குச் சிக்காது. கேமைக் கழற்ற வேண்டுமென்றால் இதை முதலில் எடுத்தாக வேண்டும். அதற்காகவே ஸ்பிண்டிலின் மேல் முனையில் மரை வெட்டி வைத்தார்கள். அதில் மூன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு 5/16 யு.என்.எஃப். போல்ட்டைத் திருகு, பிடித்துத் தூக்கு. அவ்வளவுதான்! எப்போதோ இந்த இன்ஜினைப் பிரித்த முகம் தெரியாத மெக்கானிக், ஸ்பிண்டிலை எடுத்ததும் அந்த போல்ட்டை மற்றதோடு பையில் போட்டிருக்கிறார். இன்ஜினின் பாகமே இல்லை; அதைப் பிரித்த டூல்!

அண்ணன் அதோடு விடவில்லை. முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே நிற்க, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, போல்ட்டைத் துளைக்குள் இறக்கி விரலால் திருகினார். வெண்ணெயாக இறங்கியது. மெல்லத் தூக்கியதும் ஸ்பிண்டில் தானாகவே சுழன்றபடி மேலே வந்தது! பல் சாய்வாக வெட்டியிருப்பதால் வரும்போதும் சுழலும், போகும்போதும் சுழலும். திரும்ப இறக்கும்போது அந்தச் சுழற்சியைக் கணக்கில் வைத்துத்தான் விட வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் டைமிங் மாறிவிடும். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். ஸ்பிண்டில் தலையில் வெட்டியிருக்கும் பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி இருக்கும்; அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். ரோட்டர் முதல் பிளக் ஒயருக்கு நேராக வந்து நின்றது. பிளக்குகள் பொறி விடும் வரிசையில் 1-3-4-2 என்று ஒயர்களைத் தொட்டு எண்ணினார். சரி.

தம்பி அதற்குள் மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்து போல்ட் தலையில் அடித்துவிட்டான், இனி எந்த ட்ரேயிலும் கலந்துவிடக் கூடாது என்று. கார்க்காரர் போனில் மூன்றாவது முறையாக, "என்னண்ணே ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் பாக்கி இல்ல சார், கிளம்பி வாங்க. டேய் தம்பி, செயின் பிளாக்கை இழு. இன்ஜினை இறக்கிரலாம்!"