பழைய மோட்டார் சைக்கிளும் புதிய புகைபோக்கியும்

லாயாங் லாயாங்கில் உங்கள் மாமாவிடம் ஒரு பழைய, பெரிய மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990இல் அறிமுகமான ஹோண்டா எஸ்டி1100 போன்ற நெடும்பயண வண்டி. இரு பக்கமும் ஒவ்வொரு புகைபோக்கி. ஒரு நாள் அதன் அடிப்பாகத்தை விரலால் அழுத்தினால், துருப்பிடித்த தகரம் பொத்துக்கொள்கிறது.

"இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்" என்கிறார் மாமா. "அப்படியென்றால் நல்லா சத்தம் வர்ற எக்ஸோஸ்டா போட்டுடலாம் மாமா" என்கிறீர்கள் நீங்கள்.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பள்ளியில் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் இங்கே கைகொடுக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மழையில் நனைவதால்தான் புகைபோக்கி துருப்பிடிக்கிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் உள்ளன. எரியும்போது ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும்!

நீண்ட பயணத்தில் புகைபோக்கி நன்றாகச் சூடாவதால், அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய் உடனே திரும்பினால், புகைபோக்கி சூடாவதற்குள் இயந்திரம் நின்றுவிடும். ஆவி குளிர்ந்து உள்ளேயே தேங்கும். புகையிலுள்ள சில வாயுக்கள் அதில் கரைந்து, அமிலத்தன்மையையும் சேர்க்கும். அதனால்தான் தகரம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. நீர் வடிவதற்காக அடியில் சிறு துளை இருந்தால், அது அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் எப்படி அடங்குகிறது?

நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, வினாடிக்கு 100 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அழுத்த அலையை அனுப்புகிறது. புகைபோக்கியின் உள்ளே சிறு அறைகளும் குழாய்களும் உள்ளன. அவற்றில் மோதித் திரும்பும் அலைகள், எதிரே வரும் அலைகளுடன் சேர்ந்து ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன. சிலவகைப் புகைபோக்கிகளில் கண்ணாடி இழைப் பஞ்சும் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது.

உள்தடுப்பை எடுத்துவிட்டால் வண்டிக்குச் சக்தி கூடும் என்பது பலரின் நம்பிக்கை. பழைய கார்புரேட்டர் வண்டியில் இது எதிராகவும் முடியலாம். புகை வெளியேறும் வேகம் மாறினால் பெட்ரோல், காற்றுக் கலவையின் அளவும் மாறும். கார்புரேட்டரைச் சரிசெய்யாவிட்டால் இயந்திரம் திணறும். அளவுக்கு மீறிச் சூடாகும்.

காதுக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெலை வரம்பாக வைத்துள்ளன. 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகும். 85க்கும் 95க்கும் எண்ணில் வேறுபாடு சிறிதுதான், காதுக்குப் பெரிது. இழந்த கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. நெடும்பயணத்தில் அந்தச் சத்தத்தை மணிக்கணக்கில் கேட்கப்போவது மாமாதான்.

வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிமுறைகள் உள்ளன. சாலைத் தடுப்புச் சோதனைகளில் புகைபோக்கியையும் பார்க்கிறார்கள்.

சரி, மாற்றுவது எப்படி?

முதலில் வண்டி முழுமையாக ஆற வேண்டும். துருப்பிடித்த திருகுகளில் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். பலவந்தமாகத் திருப்பினால் திருகு முறிந்து, செலவு இரட்டிப்பாகும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடாமல் புதியதைப் பொருத்துங்கள். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாக மாட்டி, நேராக அமைந்த பிறகே இறுக்க வேண்டும். இறுக்கும்போது இயந்திரப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது நல்லது. முதல் முறை செய்பவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையோடு செய்யுங்கள்.

பழைய வண்டிக்கு அசல் பாகம் கிடைக்காவிட்டால், அதே மாதிரிக்கென்று செய்யப்பட்ட துருப்பிடிக்கா எஃகுப் புகைபோக்கியைத் தேடலாம். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவதால் துரு எளிதில் அண்டாது. வாங்கும் முன் ஒலி அளவு சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த வேலையில் ஆர்வம் வந்துவிட்டதா? எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு டிவெட் தொழிற்கல்வி வழி திறந்தே இருக்கிறது. எஸ்.கே.எம். திறன் சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா வரை படிக்கலாம்.

அதுவரை மாமாவின் வண்டியில் பயிற்சியைத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் கிளப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தை விழிக்கவில்லையென்றால், வேலை சரியாக நடந்திருக்கிறது.